எட்டு கிராம் தங்கமும் ஒரு டென்னிஸ் மட்டையும்

போன மார்ச் மாதம் மகளிர் தினத்துக்காக எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம், அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் "சாதனைப் பெண்மணி" என்று அச்சடித்திருந்தது. போய்ச் சேர்ந்தால் மேடைக்கு ஏழு படிகள். சரிவுப் பாதை கிடையாது. என்ன செய்யலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் நான்கு ஆண்கள் வந்து சக்கர நாற்காலியை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஒருவருடைய கை என் தொடைக்குக் கீழே இருந்தது. "தூக்கட்டுமா" என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பீரோ ஏற்றுகிறவர்கள்கூட எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டுக்கொள்வார்கள். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் எனக்கா, தூக்கியவர்களுக்கா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர், மன உறுதி இருந்தால் ஊனம் ஒரு தடையே இல்லை என்றார். அன்றைக்கு என் ஊனம் யாரையும் தடுக்கவில்லை. தடுத்தது அந்த ஏழு படிகள். அவற்றைக் கட்டியவர்கள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடிய கதையைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அக்கா, டென்னிஸ் ஆடினா மாசம் எவ்ளோ வரும்?" என்றாள். அரங்கமே சிரித்தது. பேராசிரியை ஒருவர் உட்காரச் சொல்லிக் கையசைத்தார். நேரமாகிவிட்டதென்று தேசிய கீதம் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அந்த அரங்கில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அது. அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

டென்னிஸிலிருந்து என் வாழ்நாளில் எனக்கு வந்தது மொத்தம் பதினோராயிரம் ரூபாய். போனதற்கு நான் கணக்கு வைக்கவில்லை, வைத்திருந்தால் நிறுத்தியிருப்பேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இரண்டு வயதில் போலியோ வந்து, காலிப்பரும் ஊன்றுகோலுமாகப் படித்து, 2005இல் வேலைக்காக பெங்களூரு போனேன். அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்: ஒரு பெண் நாற்காலியோடு சுழன்று வந்து பந்தை அடித்தாள். நான் அதுவரை சக்கர நாற்காலியை நோயாளிகளின் சாமான் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தவள். அந்த நாற்காலி வேறு மாதிரி இருந்தது. சக்கரங்கள் இரண்டும் மேலே குறுகி, கீழே விரிந்து சாய்ந்திருந்தன. பின்னால் கவிழாமல் இருக்க ஒரு குட்டிச் சக்கரம். இடுப்பையும் காலையும் இறுக்கிக் கட்டும் பட்டை. இன்னொன்றையும் கவனித்தேன். பின்னால் நின்று தள்ளுகிறவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அதில் இல்லை. யாரும் தள்ள முடியாத நாற்காலி! எனக்கு ஆட்டத்தின் மீது ஆசை வந்தது அதற்குப் பிறகுதான்.

விதி எளிமையானது. அதே கோர்ட், அதே வலை, அதே பந்து, அதே மட்டை. ஒரே ஒரு வித்தியாசம்: பந்து இரண்டு முறை தரையில் எழும்பலாம், முதல் முறை கோட்டுக்குள் விழுந்தால் போதும், இரண்டாவது வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. 1976இல் பிராட் பார்க்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், பனிச்சறுக்கு விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட பிறகு விளையாடிப் பார்த்து வளர்த்தெடுத்தது. 1988 சியோல் பாராலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக இருந்து, 1992 பார்சிலோனாவில் பதக்க ஆட்டமானது. மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே அந்தக் கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். முதல் மாதம் என் உள்ளங்கைத் தோல் மூன்று முறை உரிந்தது. இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. கரும்பு வெட்டப் போன என் சித்திக்கும் உள்ளங்கை அப்படித்தான் இருந்தது. அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 1992 முதல் டோக்கியோ போட்டி வரை எட்டு பாராலிம்பிக்குகள் நடந்தன. எட்டிலும் பெண்கள் ஒற்றையர் தங்கம் நெதர்லாந்துப் பெண்களுக்கே போனது. நடுவில் நான்கு தங்கம் எஸ்தர் வெர்ஜியர் என்ற ஒரே பெண்ணுடையது. 2003 தொடங்கி 2013இல் ஓய்வு பெறும் வரை ஒற்றையர் ஆட்டத்தில் அவர் தோற்கவே இல்லை. தொடர்ந்து 470 வெற்றிகள். ஆண், பெண், நடப்பவர், நடக்காதவர் என எவர் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை டென்னிஸில் இதற்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. கடைசியில் 2024இல் பாரீஸில் ஜப்பானின் யுய் கமிஜி, இன்னொரு நெதர்லாந்துப் பெண்ணான டீட டி குரோட்டை இறுதியில் வென்று அந்த வரிசையை முறித்தார்.

மன உறுதிக் கோட்பாட்டாளர்களிடம் கேட்கிறேன்: மன உறுதி முப்பது வருடம் ஒரே நாட்டில் போய்க் குடியிருந்ததா? நெதர்லாந்துப் பெண் அரூர்ப் பெண்ணைவிட நெஞ்சுரம் மிக்கவளா? அரூரில் ஊனமுற்ற ஒரு பெண் பத்தாம் வகுப்பு முடிக்கத் தேவைப்படும் நெஞ்சுரத்தை நெதர்லாந்தில் பாதிப் பேர் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். வெர்ஜியருக்கு எட்டு வயதில், முதுகுத்தண்டில் செய்த அறுவைசிகிச்சைக்குப் பிறகு கால்கள் செயலிழந்தன. மறுவாழ்வு சிகிச்சையின்போதே அந்தக் குழந்தையின் கையில் பந்தைக் கொடுத்தார்கள். கூடைப்பந்து ஆடினாள், டென்னிஸ் ஆடினாள், பிடித்ததை வைத்துக்கொண்டாள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போதே ஆட்டக்காரியாகத் திரும்பினாள். எங்கள் ஊரில் முதுகெலும்பு அடிபட்ட பெண் ஆஸ்பத்திரியிலிருந்து எதைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்? சிறுநீர்க் குழாய், ஒரு மாத மாத்திரை, "பத்திரமா பாத்துக்குங்க" என்று அம்மாவிடம் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தில்தான் பெண்ணுக்கான சிறை தொடங்குகிறது. பையன் அடிபட்டு விழுந்தால் மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்து டீக்கடை வரைக்குமாவது அனுப்புகிறார்கள். பெண் என்றால் உள்ளறை. என் பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "நடக்கறவள அனுப்பறதுக்கே பயமா கெடக்குது. இவள எப்பிடி வெளிய கூட்டிக்கினு போவ? எவனாவது ஏதாவது செஞ்சா ஓடக்கூட முடியாதே." அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட முடியாதவளை அறைக்குள் பூட்டிவிட்டு, துரத்துகிறவனைத் தெருவில் விட்டுவைக்கிற ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தது யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. ஆண்கள் 1.5 கோடி, பெண்கள் 1.18 கோடி. பெண்களுக்கு ஊனம் குறைவாக வருகிறது என்று யாராவது நம்பினால் நம்பட்டும். கணக்கெடுக்க வந்தவர் திண்ணையோடு போயிருப்பார், உள்ளறையை எட்டிப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கு வந்தது, பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்று தொட்டில் வைத்துக் கெஞ்ச வேண்டிய ஊர் என்பதால். முழு உடம்போடு பிறந்தவளுக்கே தொட்டில் தேவைப்பட்ட இடத்தில், கால் வராதவளை உயிரோடு வைத்திருந்ததே பெரிய உபகாரம் என்று சொந்தக்காரர்கள் எங்கள் முகத்துக்கு நேராகவே பேசுவார்கள். ஊனமும் எங்களுக்கு அந்நியமல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. எலும்பு வளைந்து, மூட்டு இறுகி, நாற்பது வயதில் கூனிப்போன பெண்களைப் பார்த்தே வளர்ந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது. 2013இல்தான் அது திறக்கப்பட்டது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் குடம் குடமாக அந்தத் தண்ணீரைத் தலையில் சுமந்தவர்கள் பெண்கள்.

சரி, வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம். என் தங்கை மகள் அதில்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் எங்கள் ஊர் வழியாக வருகிற வண்டிக்கு ஏறுவதற்கு உயரமான படிகள். தாழ்தளப் பேருந்துகளைச் சென்னையில் நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் ஓட வைக்க முடிந்தது. பாலக்கோட்டுக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அது எப்போது வரும்? ஏற முடியாத பேருந்தில் எனக்கு இலவசப் பயணம். வாடகை ஆட்டோவுக்கு முழுக் காசு.

அடுத்தது கழிப்பறை. இதை எழுதினால் முகம் சுளிக்கிறார்கள், அதனாலேயே எழுதுகிறேன். போட்டிக்குப் போன நாட்களில் முந்தின இரவிலிருந்து நான் தண்ணீர் குடித்ததில்லை. மைதானத்தில் கழிப்பறை இருக்கும். கதவு குறுகலாக இருக்கும். அல்லது கதவு அகலம், உள்ளே ஒரு படி. வெயிலில் இரண்டு மணி நேரம் ஆட்டம், தொண்டையில் ஈரமில்லை. மாதவிலக்கு நாளில் போட்டி வந்தால் என்ன செய்தோம் என்பதை எங்களில் ஒருவர் இன்னொருவரிடம் மட்டுமே சொல்லிக்கொண்டோம். நெடுநேரம் உட்கார்ந்து புட்டத்தில் புண் வந்தவள் அதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, புண் முற்றி நான்கு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பெண் பயிற்சியாளர் ஒருவர்கூட அப்போது இல்லை. அரைக்கால் சட்டை போட்டதற்கு வீட்டில் நடந்த சண்டை தனி.

இத்தனைக்கும் பிறகுதான் பணத்தின் கதை வருகிறது. விளையாட்டுக்கான சக்கர நாற்காலி உடம்பை அளவெடுத்துச் செய்வது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சக் கணக்கில் ஆகும். சர்வதேசத் தரவரிசையில் பெயர் வர வேண்டுமானால் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அங்கீகரித்த போட்டிகளில் ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே போக வேண்டும். இந்தியாவுக்குள் பெங்களூரு இதற்கு ஓரளவு மையமாக இருக்கிறது. 2014இல் பத்மஸ்ரீ பெற்ற போனிஃபேஸ் பிரபு அந்த ஊர்க்காரர்தான். பெண்களில் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களாக இருந்த பிரதிமா ராவும் ஷில்பாவும் கர்நாடகத்துக்காரர்களே. தர்மபுரியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது அந்த ஊர். ஆனாலும் நான் ஆடிய ஒரு தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் எட்டுப் பேர் சேரவில்லை. கால் இறுதி என்று ஒன்று வைக்க ஆளில்லாமல் நேராக அரை இறுதி ஆடினோம். "தேசிய அளவில் அரை இறுதி" என்று செய்தித்தாளில் வந்தபோது ஊரே வாழ்த்தியது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பாரீஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கங்கள் வாங்கியது. அதில் டென்னிஸ் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பாட்மிண்டனில் பதக்கம் வாங்கினார்கள்: துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம். நித்ய ஸ்ரீ எங்களுக்குப் பக்கத்து ஓசூர்ப் பெண். 2004இல் கிருஷ்ணகிரி பிரியும் வரை ஓசூர் தர்மபுரி மாவட்டம்தான் என்பதால் நாங்கள் உரிமையோடு கொண்டாடினோம். உயரம் குறைவான உடம்போடு அவர் பயிற்சிக்காக லக்னோ வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஓசூரிலிருந்து லக்னோ! அந்தத் தூரத்தை அவருடைய விடாமுயற்சி என்று எழுதினார்கள் பத்திரிகைகள். அதைத் தென்னிந்தியாவின் பற்றாக்குறை என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

பதக்கத்துக்குப் பிறகு மாநில அரசு துளசிமதிக்கு இரண்டு கோடி, மற்ற இருவருக்கும் தலா ஒரு கோடி கொடுத்தது. 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பனுக்கு இரண்டு கோடி அறிவித்தார்கள். அவர்கள் உழைத்த காசு. ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. நான் கேட்பது பதக்கத்துக்கு முந்தைய வருடங்களைப் பற்றி. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்து வைத்தால் ஒரு கோடி ஆக நானூற்றுப் பதினாறு வருடம் ஆகும். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கிற வெட்டவெளியில்தான் ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை நடக்க வேண்டியிருக்கிறது. அரசிடம் ஊக்கத் திட்டங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் பெயரைப் பாருங்கள். சாம்பியன் ஆன பிறகு வா என்கிறது பெயரே.

வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது? அம்மாவிடமிருந்து. மாரியப்பனின் தாய் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்தவர் என்பதைத் தமிழ்நாடே படித்தது, நெகிழ்ந்தது. நெகிழ்ச்சியை நிறுத்திவிட்டுக் கணக்குப் பார்ப்போம். என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டு, மதியம் மறுபடியும் வந்து ஒன்றுக்குக் கூட்டிப் போன என் அம்மா பன்னிரண்டு வருடம் முழுநாள் கூலிக்குப் போகவில்லை. அரசு கட்டாத சரிவுப் பாதையாக, ஓட்டாத பேருந்தாக, நியமிக்காத உதவியாளராக என் அம்மாவின் முதுகு இருந்தது. அதற்குத் தாய்ப்பாசம் என்று பெயர் வைத்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. 2013இல் அந்த முதுகு விழுந்தது. பக்கவாதம். நான் வேலையையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். அண்ணன் இருக்கிறான், அவன் திரும்பலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

இனி அந்தத் தங்கத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளியை மணந்துகொள்ளும் ஊனமில்லாதவருக்கு அரசு திருமண உதவி கொடுக்கிறது: 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000, அதோடு தாலிக்கு எட்டு கிராம் தங்கம். எனக்கு இருபத்தெட்டு வயதில் வந்த ஒரு வரன், பெண் பார்க்க வந்த இடத்தில் முதலில் கேட்டது நான் பட்டதாரியா என்று. படிப்பின் மீது மரியாதை போலும் என்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன். தொகை எதுவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். இந்தத் திட்டத்தால் நல்ல குடும்பம் அமைந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அரசின் மனக்கணக்கைப் படியுங்கள். ஊனமுற்ற பெண்ணை ஒருவன் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஈடு கொடுக்க வேண்டும் என்று அது நினைக்கிறது. அவளாகவே சம்பாதித்து, யாரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லாமல் வாழக்கூடும் என்று அது நினைத்திருந்தால் அந்த எட்டு கிராமை மட்டையாகவும் நாற்காலியாகவும் அவள் கையிலேயே கொடுத்திருக்கும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் உடம்பு என்றால் உதவி உண்டு. வியர்த்து, தோற்று, மறுபடியும் ஆடும் உடம்பு என்றால் மன உறுதி ஒன்றே துணை.

இது பிச்சை கேட்கும் விஷயமும் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்கேற்பக் கட்டமைப்பை மாற்ற வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ராத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. கருணாநிதி ஆட்சியில் எங்களுக்கு "மாற்றுத்திறனாளி" என்ற பெயர் வந்தது. மரியாதையான பெயர்தான். பெயர்ப்பலகை மாறிய அலுவலகங்களில் எத்தனையில் படி மாறியது என்று எண்ணிப் பார்க்கலாம்.

உலக அளவிலும் யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி அமெரிக்க ஓபன் சக்கர நாற்காலிப் போட்டிகளை நீக்கியது, ஆட்டக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவர்கள் வெளிப்படையாகக் கொதித்தார்கள். சில நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் கோதாட்சோ மொன்ட்ஜானே 2021இல் விம்பிள்டன் இறுதி வரை போனார், ஒற்றையரிலும் இரட்டையரிலும். பணமில்லாததைப் பற்றி அவர் வெட்கமில்லாமல் பேசுவார், அது தன் வெட்கம் அல்ல என்று தெரிந்தவர் மாதிரி. அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது பேக்ஹேண்ட் மட்டுமல்ல.

இந்த இடத்தில் தோழிகள் சிலர் என்னைக் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: "குடிக்கத் தண்ணியும் பென்ஷனும் இல்லாத பெண்கள் இருக்கும்போது டென்னிஸா? அது பணக்கார ஆட்டமாச்சே?" இதே கேள்வியை ஐம்பது வருடத்துக்கு முன் ஆண்கள் உங்களிடம் கேட்டார்கள். சோறில்லாத நாட்டில் பெண்ணுக்குக் கவிதை எதற்கு என்றார்கள். ஊனமுற்ற பெண்ணுக்கு உணவு, மருந்து, உதவித்தொகை போதும், விளையாட்டு அதிகப்படி என்று நினைப்பது, அவளை உயிரோடு வைத்திருந்தால் போதும் என்ற என் பெரியம்மாவின் நினைப்புதான், கொஞ்சம் படித்த மொழியில். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடந்த பத்து வருடத்தில் பெண்ணியக் கூட்டங்கள் என்று எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் மாடியில் நடந்தவை. லிஃப்ட் இல்லை. "வந்துடுங்க, தூக்கிக்கலாம்" என்பார்கள். அந்தக் கல்லூரியில் என்னைத் தூக்கிய நான்கு ஆண்களும் அதைத்தான் செய்தார்கள்.

கடைசி வரிசை மாணவியே, உனக்குப் பதில்: இன்றைக்கு இந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் எதுவும் இல்லை. இருக்க வேண்டும். ஆடுகிற வருடங்களுக்கு, ஜெயித்தாலும் தோற்றாலும்.

இதைக் கூட்டங்களில் சொல்வதைத் தவிர நான் வேறென்ன செய்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து போடுகிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஓசூர்த் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போன வேன் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அவள் ஊரில் டென்னிஸ் கோர்ட் ஏது? கேழ்வரகு காய வைக்கும் சிமெண்ட் களம் இருக்கிறது. அறுவடை முடிந்த மாதங்களில் காலி. சுண்ணாம்பில் கோடு போட்டு, இரண்டு மூங்கிலுக்கு நடுவே பழைய கொசுவலையைக் கட்டினோம். என்னுடைய பழைய விளையாட்டு நாற்காலி அவளுக்கு இரண்டு அங்குலம் அகலம். பக்கத்தில் துணி சொருகி உட்காருகிறாள். அவளுடைய சர்வீஸ் மோசம். பேக்ஹேண்டில் ஒரு கோபம் இருக்கிறது, அது நல்லது. களத்து மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற கிழவிகள் முதல் மாதம் உச்சுக் கொட்டினார்கள். இப்போது பந்து வெளியே போனால் "அவுட்டு" என்று கத்துகிறார்கள், பெரும்பாலும் தப்பாக.

பெங்களூரில் ஒரு போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வாடகை வண்டி, மூன்று நாள் அறை, சாப்பாடு, துணைக்கு அம்மா, அம்மாவின் மூன்று நாள் கூலி என்று ஒரு தாளில் எழுதினோம். கூலியையும் சேர்த்து எழுதச் சொன்னது அவள்தான். அம்மா தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பார் என்று நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"எல்லாஞ் சரிம்மா. அங்க பாத்ரூம் கதவு எவ்ளோ அகலம்னு மொதல்ல கேட்டுச் சொல்லு" என்றார்.

அங்கேயே போன் போட்டுக் கேட்டேன். ஒருவர் அளந்து பார்த்துத் திரும்பக் கூப்பிட்டார். 32 அங்குலம். அவள் வீட்டில் புழங்கும் நாற்காலி 26.